கல்லைக் கழுவினேன், நீர்நாய் போய்விட்டது: மஸ்கெலியாப் பக்கத்து நிகழ்வு ஆய்வு

இலங்கை மலையகத்து அட்டனில் எனக்கு ஒரு சின்ன ஸ்டூடியோ. கலியாணம், பூப்புனித நீராட்டு விழா, அடையாள அட்டைப் படம் இவைதான் சோறு போடுகின்றன. காட்டுப் பக்கம் போவதெல்லாம் கடை மூடிய பிறகு. சிறுத்தைக்கு ஆசைப்படாத மலையகத்துப் படக்காரன் இல்லை. நானும் பொகவந்தலாவைப் பக்கம் இரண்டு வருடம் அலைந்தேன், காலடித் தடத்தை மட்டும் படம் பிடித்துக்கொண்டு திரும்பினேன். அது வேறு கதை. இது நீர்நாயின் கதை. டிசம்பர் கடைசியில் தொடங்கி மார்ச் வரை நடந்ததை, குறிப்புப் புத்தகத்தில் உள்ளபடி, எங்கெங்கே பிழை விட்டேன் என்பதையும் சேர்த்து எழுதுகிறேன். இந்த மூன்று மாதத்தில் மிக நல்ல படம் கிடைத்த இரவுதான் மிக மோசமான இரவும். ஏன் என்று பின்னால் வரும்.

இடம்

மவுசாக்கலை நீர்த்தேக்கத்தில் விழும் ஓடைகளில் ஒன்று. எந்த ஓடை, எந்தத் தோட்டம், எந்த டிவிசன் என்று சொல்லமாட்டேன், அதற்கும் காரணம் உண்டு. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,200 மீட்டர் உயரம். மேலே தேயிலை, இரண்டு கரையிலும் மானாப்புல்லும் பன்னமும், நடுவே யானை முதுகு போன்ற பாறைகள். மழை குறைந்த மாதங்களில் நீர்த்தேக்கம் வற்றும்போது, தண்ணீருக்கு அடியில் போன பழைய மஸ்கெலியாவின் கோயில்கள் தலைகாட்டும். அதைப் பார்க்கக் கூட்டம் வரும். ஓடைப் பக்கம் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

தோட்டத்துக்குத் தண்ணீர் எடுக்கும் தாங்கியைப் பார்த்துக்கொள்ளும் வாச்சர் அண்ணன் ஒருவர் இருக்கிறார். தினமும் விடியற்காலை அந்த ஓடையோரமாகத்தான் மேலே போவார். அவர் மகளின் கலியாணப் படம் நான் எடுத்தது. ஆல்பம் வாங்க வந்த அன்று, "தம்பி, இந்தச் சிறுத்தைய விடுங்க. எங்க ஆத்துல தண்ணி நாய் இருக்கு, அதப் புடிங்க பாப்போம்" என்றார். சிங்களத்தில் 'தியபல்லா' என்பதும் இதே பொருள்தான்: தண்ணீர் நாய்.

தமிழ்நாட்டு வாசகர்கள் காவேரியில் பட்டப்பகலில் குடும்பமாக நீந்தும் நீர்நாய்களை நினைத்துக்கொள்ளக் கூடாது. அது வேறு இனம். இலங்கையில் இருப்பது ஒரே ஓர் இனம், அயர்லாந்து வரை பரவியிருக்கும் ஐரோவாசிய நீர்நாய். பெரும்பாலும் தனியாகத் திரியும், இரவிலும் மங்கல் வெளிச்சத்திலும் வெளியே வரும். தண்ணீரில் போகும்போது கண், மூக்கு, காது மட்டும் ஒரே கோட்டில் மேலே தெரியும். ஆளைக் கண்டால் அதுவும் தெரியாது.

டிசம்பர் 27ஆம் திகதி அண்ணன் கல்லைக் காட்டினார். ஓடை வளைகிற இடத்தில், தண்ணீரிலிருந்து ஒரு முழம் உயர்ந்த தட்டையான பாறை. அதன் உச்சியில் எச்சம். பழையது சாம்பல் நிறத்தில் உதிர்ந்து கிடந்தது. புதியது கறுப்பாக, பிசுபிசுப்பாக, அதற்குள் செம்மஞ்சள் நிறத்தில் நண்டு ஓட்டுத் துண்டுகள், அங்கங்கே மீன் செதில். இலங்கையின் நன்னீர் நண்டுகள் ஐம்பது இனம் அளவுக்கு உண்டு, மலை ஓடைகளில் நீர்நாய்க்கு அவைதான் முக்கியமான சாப்பாடு. நீர்த்தேக்கத்துக்குள் இறங்கினால் ஜப்பான் மீனும் (திலாப்பியா) கிடைக்கும். நீர்நாய் எச்சம் மல்லிகைத் தேத்தண்ணி போல மணக்கும் என்று வெள்ளைக்காரர்கள் சொல்வார்கள். அண்ணன் குனிந்து முகர்ந்து பார்த்துவிட்டு, "கருவாட்டுக் கடை" என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது. நாள் முழுக்கத் தேயிலைக்குள் கிடக்கிறவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

18 இரவு, ஒரு வால்

தோட்ட நிர்வாகத்திடம் அனுமதி எடுத்துக்கொண்டு, நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கிய, பிராணி குறுக்கே வந்தால் தானாகவே படம் எடுக்கும் டிராப் கமராவைக் கல்லுக்கு மூன்று மீட்டர் தள்ளி ஒரு மரத்தில் கட்டினேன். டிசம்பர் 29 முதல் ஜனவரி 16 வரை 18 இரவு. வாச்சர் அண்ணன் ஒவ்வொரு காலையும் கல்லைப் பார்த்து, புது எச்சம் இருந்தால் சிகரெட் பெட்டி அட்டையில் ஒரு கோடு போட்டுவைத்தார். ஏழு கோடு.

மெமரி கார்டில் 212 படம். காலை வெயிலில் ஆடிய பன்னம்தான் முக்கால்வாசி. அண்ணன் 23 தடவை, அவருடைய நாய் 19 தடவை. முள்ளம்பன்றி மூன்று தடவை, கீரி ஒரு தடவை. நீர்நாய்? ஒரே ஒரு படம், அதிலும் பாறையின் வலது ஓரத்தில் தண்ணீருக்குள் இறங்கிக்கொண்டிருக்கும் வால் நுனி. ஏழு தடவை கட்டாயம் வந்து போயிருக்கிறது, கமரா ஒரு தடவைதான் பார்த்திருக்கிறது, அதுவும் அது போகும்போது.

முதலில் கமரா பழுது என்று நினைத்தேன். அப்படியென்றால் முள்ளம்பன்றி எப்படி இவ்வளவு அழகாக விழுந்தது?

இந்தக் கமராக்களின் கண் படத்தைப் பார்ப்பதில்லை, சூட்டைத்தான் பார்க்கிறது. முன்னால் இருக்கும் சென்சர், சுற்றுப்புறத்தைவிடச் சூடான ஒன்று குறுக்கே நகர்ந்தால் கமராவை எழுப்பும். வெயிலில் காய்ந்த பன்னம் காற்றில் ஆடினாலும் எழுப்பும், காரணம் அதுவும் சூடுதான். சரி, நீர்நாயும் நம்மைப் போல வெப்ப இரத்தப் பிராணிதானே? அங்கேதான் விஷயம். அதன் உடம்பில் இரண்டு அடுக்கு மயிர். வெளியே நீளமான முரட்டு மயிர், உள்ளே நெருக்கமான பஞ்சு. பஞ்சுக்குள் காற்று அடைபட்டு நிற்பதால் உடம்புச் சூடு வெளியே வராது, தண்ணீரும் உள்ளே போகாது. தண்ணீரிலிருந்து ஏறிய நேரத்தில் வெளி மயிரின் குளிர்ச்சி ஓடைத் தண்ணீரின் குளிர்ச்சிதான், பாறையும் அதே குளிர்ச்சிதான். சென்சருக்கு அங்கே எதுவும் நகரவில்லை. மேலே கொஞ்ச நேரம் நின்று, மயிர் உலரத் தொடங்கிய பிறகு அதற்கு மெல்ல ஞாபகம் வரும். அதற்குள் வேலை முடிந்து பிராணி இறங்கிவிடும். வால் மட்டும் கிடைத்தது இப்படித்தான்.

படித்ததை நம்பாமல் ஒரு சோதனையும் செய்தோம். ஒரு போத்தலில் சுடுதண்ணி ஊற்றி, கயிறு கட்டி, பாறை மேல் குறுக்கே இழுத்தோம். பத்துத் தடவை இழுத்ததில் பத்துத் தடவையும் படம் விழுந்தது. அதே போத்தலைச் சாக்கில் சுற்றி, ஓடையில் முக்கி எடுத்து இழுத்தோம். பத்தில் ஒன்றுகூட விழவில்லை. அண்ணன் அந்த ஈரச் சாக்கைப் பார்த்துவிட்டு என்னையும் பார்த்தார். "இதுக்கா தம்பி பதினெட்டு நாளு?"

ஒரே இரவில் மூன்று மாற்றம்

கடை வாசலில் ஆள் வந்தால் மணியடிக்கும் சென்சர் தெரியும்தானே. ஒரு பக்கத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாத கதிர் போகும், மறுபக்கம் அதை வாங்கிக்கொள்ளும், நடுவே எது வந்து மறைத்தாலும் மணி. சூடா குளிரா என்ற கேள்வியே அதற்கு இல்லை. போன் திருத்தும் நண்பர் ஒருவர் அதைப் பிரித்து, மணிக்குப் போகும் கம்பியை என் பழைய கமராவின் ரிமோட் துவாரத்துக்குத் திருப்பினார். பாறைக்கு மேல் 15 சென்டிமீட்டர் உயரத்தில் கதிர். 24 மில்லிமீட்டர் லென்ஸ், கல்லுக்கு 80 சென்டிமீட்டர் பக்கத்தில், பிளாஸ்டிக் சோற்றுப் பெட்டிக்குள். பெட்டியில் நான்கு பொட்டலம் சிலிக்கா ஜெல், இல்லாவிட்டால் நம் மலைப் பனியில் ஒரே இரவில் லென்ஸ் உள்ளே வேர்க்கும். இரண்டு பக்கமும் பிளாஷ், கால் அளவு சக்தியில்.

ஜனவரி 24 மாலை எல்லாம் கட்டி முடித்து, ஒரு சோதனைப் படம் எடுத்துப் பார்த்தேன். கல் முழுக்க எச்சம். ஸ்டூடியோக்காரன் புத்தி போகுமா? பிள்ளையை உட்காரவைக்கும் முன் நாற்காலியைத் துடைக்கிற கை இது. ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி, பன்னத்தால் தேய்த்து, கல்லைப் பளபளவென்று கழுவிவிட்டேன். முன்னால் மறைத்த புல்லையும் கத்தியால் சீவினேன்.

26ஆம் திகதி அதிகாலை 2.14க்கு அந்தப் படம் விழுந்தது. நீர்நாய் முழு உடம்போடு கல்லின் மேல். முன்னங்கால் இரண்டும் ஊன்றி, தலை நிமிர்ந்து, நேரே லென்ஸுக்குள் பார்க்கிறது. மீசை மயிர் ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு துளி. வலது காதில் பழைய கிழிசல். தொண்டை வெளிறியிருப்பது, மூக்கின் ஈரம், கால் விரல்களுக்கு இடையிலுள்ள தோல் எல்லாம் எண்ணிப் பார்க்கலாம். அடுத்த படம் நான்கு வினாடி கழித்து: காலிப் பாறை, பின்னால் தண்ணீரில் வட்டம்.

கடையில் கம்ப்யூட்டரில் அதைப் பெரிதாக்கிப் பார்த்தபோது தனியாக இருந்தும் சத்தம் போட்டேன். பார்த்த நண்பர்கள் எல்லாரும் பிரேம் போடச் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு 14 இரவு. ஒரு படமும் இல்லை. அதைவிட முக்கியம், எச்சமும் இல்லை. அண்ணனின் அட்டையில் ஒரு கோடு கூட ஏறவில்லை.

என்ன நடந்தது

நீர்நாய் கல்லில் எச்சம் இடுவது வயிற்றுக்காக மட்டும் இல்லை. இந்த இடம் யாருடையது, அண்மையில் யார் இந்த வழியாகப் போனது, ஆணா பெண்ணா என்பதெல்லாம் அந்த வாடையில் இருக்கிறது. ஒரே கல்லை வருடக்கணக்கில் பயன்படுத்துவதும் அதனால்தான். நான் கழுவியது மாதக்கணக்கில் சேர்ந்த தகவலை. அதற்குப் பதிலாக என் கை வாடையையும் கத்தி வாடையையும் வைத்துவிட்டு வந்தேன். அதன் பிறகு அது தயங்கித் தயங்கி ஏறியிருக்கும், ஏறிய இடத்தில் 80 சென்டிமீட்டரில் இரண்டு மின்னல்.

பிளாஷ் இரவுப் பிராணிகளுக்குக் கெடுதலா என்று படக்காரர்களுக்குள் முடியாத சண்டை உண்டு. எல்லாப் பிராணிக்கும் ஒரே பதில் சொல்லிவிட முடியாது என்பது என் கட்சி. முள்ளம்பன்றி டிராப் கமராவின் பிளாஷை ஒரு பொருட்டாகவே எடுக்கவில்லை, மூன்று தடவையும் நின்று நிதானமாகப் போனது. ஹோட்டன் சமவெளியின் தேவாங்கு போன்றவற்றைத் தேடுகிறவர்கள் சிவப்பு விளக்கைத்தான் பயன்படுத்துகிறார்கள், இரவுக் கண்ணுக்குச் சிவப்பு உறைக்காது என்பதால். அந்தத் தேவாங்கை 1937க்குப் பிறகு கண்டவர்களை விரல் விட்டு எண்ணலாம், அழிந்தே போயிற்று என்றுகூட நினைத்திருந்தார்கள். அதன் படம் முதன்முதலாக வெளியானது 2010இல்தான். அவ்வளவு அரிதானதைத் தேடிப் போனவர்களே வெளிச்சத்தில் அத்தனை கவனமாக இருந்தார்கள். நான் கால் சக்தியில் இரண்டு பிளாஷ் வைத்தேன். இப்போது வைப்பதாக இருந்தால் முப்பத்திரண்டில் ஒரு பங்கு சக்தி, ஒன்றே ஒன்று, மேலிருந்து, மெல்லிய துணி போட்டு. மிச்சத்தை ஐஎஸ்ஓ, அதாவது கமராவின் ஒளி உணர்திறன், பார்த்துக்கொள்ளும்.

கழுவியதா, பிளாஷா, சீவிய புல்லா? மூன்றையும் ஒரே மாலையில் செய்துவிட்டதால் பிரித்துச் சொல்ல வழியில்லை. போத்தலைக் கட்டி இழுத்து அவ்வளவு ஒழுங்காகச் சோதித்தவன், பிராணி விஷயத்தில் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் மாற்றினேன். ஒரு நேரத்தில் ஒன்றை மாற்றியிருக்க வேண்டும். அண்ணனுக்கு இந்தக் குழப்பம் இல்லை. "நீங்க கழுவின அன்னையில இருந்துதான் அது கல்ல மாத்திருச்சு" என்றார், முடிந்த முடிவாக.

மாற்றிவிட்டது என்று அவருக்கு எப்படித் தெரியும்? பெப்ரவரி 9ஆம் திகதி எல்லாவற்றையும் கழற்றினோம். அன்று கீழே இறங்கி வரும்போது, அறுபது மீட்டர் தள்ளி இன்னொரு பாறையைக் காட்டினார். புது எச்சம், நண்டு ஓட்டோடு.

அதே இறக்கத்தில் இன்னொன்றையும் கண்டோம். புல்லுக்குள் பன்றி போகும் தடத்தில் சுருக்குக் கம்பி. பிரேக் கேபிள். பன்றிக்கு வைப்பது, ஆனால் கம்பிக்கு எது பன்றி எது சிறுத்தை என்று தெரியாது. நல்லதண்ணிப் பக்கம் 2019இல் வனவிலங்குத் திணைக்களத்தின் கமராவில் விழுந்த கருஞ்சிறுத்தையை ஊரே கொண்டாடியது. 2020 மே மாதம் லக்ஷபான தோட்டத்தில் இப்படி ஒரு கம்பியில் ஒரு கருஞ்சிறுத்தை சிக்கியது, மூன்று நாளில் செத்தும் போனது. நீர்நாய் கரை ஏறி நடக்கும் தடமும் பன்றித் தடமும் பல இடத்தில் ஒன்றுதான். அண்ணன் கம்பியை அறுத்துச் சுருட்டிப் பையில் போட்டார். ஓடையின் பெயரை நான் எழுதாததும், படத்துக்குள் போன் தானாகவே பதிந்துவைக்கும் இட விவரத்தை அழித்துவிட்டுத்தான் யாருக்கும் அனுப்புவதும் இதனால்தான்.

ஒன்பது விடியற்காலை

இனிக் கல்லுக்குப் பக்கத்தில் எதையும் வைப்பதில்லை என்று முடிவெடுத்தோம். எதிர்க்கரையில், புதுப் பாறைக்கு 14 மீட்டர் தள்ளி, ஆள் உட்காருவது. வெளிச்சம் கிடையாது, விடியும் வெளிச்சம்தான்.

எங்கே உட்காருவது என்பதைக் காற்றுதான் தீர்மானித்தது. மலைச் சரிவில் இரவெல்லாம் குளிர்ந்த காற்று கனத்து, தண்ணீர் போலவே ஓடை வழியாகக் கீழே இறங்கும். வெயில் ஏறிச் சரிவு சூடான பிறகு திசை மாறி மேலே போகும். ஆகவே விடியும் நேரத்தில் பாறைக்குக் கீழ்ப்பக்கம் உட்கார்ந்தால் நம் வாடை நீர்நாய்க்குப் போகாது. வெயில் பட்டதும் எழுந்து வந்துவிட வேண்டும், இருந்தால் பிசகு. அடுத்தது சத்தம். கமராவின் 'கிளிக்' அமைதியான ஓடையில் துப்பாக்கி போலக் கேட்கும். அதனால் தண்ணீர் கல்லில் அடித்து இரையும் ஒரு சின்ன விழுக்காட்டுக்குப் பக்கத்திலேயே இடம் பிடித்தேன்.

4.30க்குப் போய் உட்காருவது, ஏழுக்குள் எழும்புவது. சோப்புப் போட்ட சட்டை வேண்டாம், பீடி வேண்டாம். குளிருக்குச் சித்தாலேப தைலம் தேய்க்காமல் மஸ்கெலியாவில் விடியற்காலை உட்காருவது எவ்வளவு கஷ்டம் என்பது அங்கே இருப்பவர்களுக்குத்தான் தெரியும். லென்ஸைத் தாங்க ஒரு துணிப்பையில் இரண்டு கிலோ பச்சைப்பயறு. எல்லாம் முடிந்த பிறகு வீட்டில் அதை அவித்துச் சாப்பிட்டோம்.

பெப்ரவரி 14 முதல் மார்ச் 8 வரை ஒன்பது காலை. ஆறு காலையில் எதுவும் இல்லை, பனி, குளிர், அட்டைக் கடி. பெப்ரவரி 22 அன்று தண்ணீரில் ஒரு கோடு மட்டும் போனது. கை கமராவுக்குப் போகும் முன் அதுவும் இல்லை.

மார்ச் 3, காலை 6.08. முதலில் சத்தம்தான் வந்தது, முறுக்குக் கடிக்கிற சத்தம். பாறையின் அடியில், தண்ணீர் விளிம்பில், நீர்நாய் ஒரு நண்டை இரண்டு முன்னங்காலாலும் பிடித்துக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி, பக்கப் பல்லால் மென்றுகொண்டிருந்தது. கொடுக்கு ஒன்று கழன்று தண்ணீரில் விழுந்தது, எட்டி எடுத்து அதையும் தின்றது. அப்புறம் மேலே ஏறி, வாலைத் தூக்கி, எச்சம் இட்டது. புல்லில் முதுகை வைத்துப் புரண்டது, ஒரு பக்கம், மறுபக்கம், நாய்க்குட்டி சாக்கில் புரளுவது போல. புரளப் புரள ஈர மயிர் கூராகக் குத்திட்டு நின்றது. வலது காதில் அதே கிழிசல்.

300 மில்லிமீட்டர், எஃப் 4, வினாடியில் நூற்றறுபதில் ஒரு பங்கு, ஐஎஸ்ஓ 6400. படத்தில் மணல் தூவினது போல இரைச்சல் உண்டு, இருக்கட்டும். அந்த நேரம் முழுக்க என் கழுத்தில் ஓர் அட்டை ஏறி உட்கார்ந்து இரத்தம் குடித்துக்கொண்டிருந்தது. தெரிந்தது, ஆனால் கையைத் தூக்கவில்லை. பிறகு சட்டைக் காலரைப் பார்த்த மனைவி நான் எங்கேயோ விழுந்துவிட்டேன் என்று நினைத்தாள்.

மார்ச் 8 அன்று இரண்டு வந்தன. பின்னால் வந்தது சிறியது, குட்டியாகத்தான் இருக்க வேண்டும். குட்டிகள் ஏறக்குறைய ஒரு வருடம் தாயோடு திரியும். அப்படியென்றால் கிழிந்த காது தாய், ஜனவரியில் நான் மின்னலடித்ததும் அதைத்தான். அது பாறைக்குப் போகாமல் என் பக்கத்துக் கரையோரமாகவே நீந்தி வந்தது, நான்கு மீட்டர் இருக்கலாம். தலையை உயர்த்தி மூக்கை இரண்டு தடவை ஆட்டியது. காற்று இன்னும் கீழே இறங்கிக்கொண்டிருந்தது, என் வாடை போகவில்லை. மூன்று படம் எடுத்தேன். மூன்றிலும் வாலை வெட்டிவிட்டேன், கலியாண வீட்டில் மாப்பிள்ளையின் காலை வெட்டினால் என்ன பேச்சு வாங்குவேனோ அந்த அளவுக்கு. பின்னால் நகரவும் இடமில்லை, பின்னால் தேயிலைச் சரிவு.

6.40க்கு வெயில் எதிர் மலையில் பட்டது. இரண்டும் கீழே நீர்த்தேக்கத்துப் பக்கம் இறங்கிவிட்டன. நாங்களும் எழும்பினோம்.

மே கடைசியில் தென்மேற்கு மழை பிடித்தது. இப்போது இரண்டு கல்லும் தண்ணீருக்குள். அண்ணன் காலையில் போகிறார், அட்டையில் கோடு போட எதுவும் இல்லை. ஜனவரிப் படத்தை நான் பிரேம் போடவில்லை, கேட்பவர்களுக்கு மார்ச் 3இன் இரைச்சல் படத்தைத்தான் காட்டுகிறேன். முகம் சுளிக்கிறார்கள். கதிர்ச் சென்சரைப் போன் திருத்தும் நண்பர் பழையபடி மாற்றிக் கொடுத்தார், இப்போது அது ஸ்டூடியோ வாசலில் இருக்கிறது. அட்டனில் அடைமழை. நனைந்த குடையோடு யார் உள்ளே வந்தாலும் தவறாமல் மணியடிக்கிறது.